பைன் மரத்தைப் பட்டை வண்டிடமிருந்து காப்பாற்ற: மருந்தா, ஊசியா, பையா, செயின்சாவா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு மேற்கே மலை ஏறினால் வரும் எவர்கிரீன், கானிஃபர், அப்புறம் வடக்கே எஸ்டஸ் பார்க், இந்தப் பக்கங்களில் ஒரு வீடும் அதைச் சுற்றி அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ பைன் மரங்களுமாக இருப்பவர்கள் வசந்தம் வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பட்டை வண்டுக்கு எந்த மருந்து நல்லது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசை முதலில் மரங்களைக் கலைத்துவிட, அதாவது நெருக்கமாக நிற்பவற்றில் சிலவற்றை வெட்டி இடைவெளி விட, போடுங்கள், வண்டு ஏறிய மரத்தை அடுத்த கோடைக்குள் கண்டுபிடித்து அகற்றப் போடுங்கள், மருந்தை வீட்டை ஒட்டி நிற்கும் நாலைந்து நல்ல மரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த வரிசை என்பதற்குக் காரணம் வண்டு மட்டும் இல்லை, அது வாயில் சுமந்து வரும் பூஞ்சை. அதைப் புரிந்துகொள்ளாமல் மருந்துகளை ஒப்பிட்டால், ஏற்கெனவே செத்துப்போன மரத்துக்குச் சிகிச்சை செய்து கொண்டிருப்போம். இந்த ஊர்களில் வருஷா வருஷம் அது நடக்கிறது.

நான் பேசுவது மலைப் பைன் வண்டு, டெண்ட்ராக்டனஸ் பொண்டரோசே, என்கிற ஒரு குறிப்பிட்ட வண்டைப் பற்றி. கறுப்பு நிறம், ஒரு அரிசி மணி அளவு. இந்த மலைகளுக்கே சொந்தமான பூச்சி இது, வெளியிலிருந்து வந்ததில்லை. சாதாரண வருஷங்களில் அடிபட்ட மரம், மின்னல் தாக்கிய மரம், வேர் அழுகிய மரம் என்று நலிந்தவற்றைத் தேடிப் பிடித்துக் காட்டின் ஒரு மூலையில் இருக்கும். வறட்சியும் வெதுவெதுப்பான குளிர்காலங்களும் சேர்ந்து வந்தால் எண்ணிக்கை எகிறி, நல்ல திடமான மரங்களையே கூட்டமாகத் தாக்கும். 1996 முதல் 2013 வரை கொலராடோவில் மட்டும் சுமார் 34 லட்சம் ஏக்கரில் அது பரவியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னும் மோசம், 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாதிப்பு, விற்கத்தகுந்த பைன் மரத்தில் பாதிக்கு மேல் போனது. கொலராடோவில் அப்போது அதிகம் செத்தது உயரமான இடங்களின் லாட்ஜ்போல் பைன். இப்போது ராக்கி மலைகளின் கிழக்கு விளிம்பான ஃப்ரண்ட் ரேஞ்ச் பக்கம், ஜனங்கள் குடியிருக்கும் உயரத்தில், பொண்டரோசா பைனில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

அது மரத்தைக் கொல்லும் விதம் இப்படி. ஜூலை, ஆகஸ்டில் பெண் வண்டு முதலில் வந்து பட்டையைத் துளைக்கும். மரம் பிசினைப் பீய்ச்சி அதைத் தள்ளப் பார்க்கும். வண்டோ அந்தப் பிசினில் இருக்கும் வேதிப்பொருளையே மாற்றி ஒரு வாசனையாக்கி மற்ற வண்டுகளைக் கூப்பிடும், ஆண்களும் வந்து தங்கள் வாசனையைச் சேர்க்கும். சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் இறங்கிவிட்டால் மரத்தின் பிசின் கையிருப்பு தீர்ந்துபோகும். உள்ளே போன பெண், உள்பட்டையில் மேல்நோக்கி நீளமாக ஒரு சுரங்கம் வெட்டி இருபுறமும் முட்டையிடும், புழுக்கள் குறுக்கே தின்றுகொண்டு போகும். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை இப்படி வெட்டுப்படுகிறது.

பூஞ்சை வேலை செய்வது இன்னும் உள்ளே. இந்த வண்டின் வாயுறுப்பில் பூஞ்சை வித்துகளைச் சுமப்பதற்கென்றே சின்னப் பைகள் இருக்கின்றன. குரோஸ்மானியா கிளாவிஜெரா, ஒஃபியோஸ்டோமா மான்டியம் என்ற இரண்டும் அதில் முக்கியமானவை. முதலாவது குளிரில் நன்றாக வளரும், இரண்டாவது கொஞ்சம் வெப்பத்தில், அதனால் எந்தக் காலநிலையிலும் ஏதோ ஒன்று வண்டுக்குத் துணையாக இருக்கும். சுரங்கத்திலிருந்து அவை வைரம் பாயாத வெளிக்கட்டைக்குள் பரவி, வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்களை முடக்குகின்றன. கட்டை நீலம் கலந்த சாம்பல் நிறமாகும், அதனால்தான் நீலக்கறைப் பூஞ்சை என்று பெயர். மரத்தைக் கொல்வதில் பூஞ்சைக்கு எவ்வளவு பங்கு, புழுக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. ஆனால் உள்பட்டையில் சத்து குறைவு என்பதிலும், பூஞ்சையைத் தின்றுதான் வண்டின் குஞ்சுகள் நைட்ரஜனும் ஸ்டீராலும் பெற்று வளர்கின்றன என்பதிலும் வாதமில்லை. குரோஸ்மானியா கிளாவிஜெரா இன்னொரு வேலையும் செய்கிறது: மற்ற உயிர்களுக்கு நஞ்சான பிசினின் டெர்பீன்களைச் சிதைத்துத் தனக்கு உணவாக்கிக்கொள்கிறது. மரத்தின் பாதுகாப்பு ஆயுதமே அதற்குச் சாப்பாடு.

இதிலிருந்து முடிவெடுப்பதற்கு வேண்டியது ஒன்று கிடைக்கிறது. வண்டுகள் வெற்றிகரமாக இறங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டால், பூஞ்சை கட்டைக்குள் போய்விடும், அதன்பிறகு வெளியே அடிக்கிற மருந்து எதுவும் அந்த மரத்தைத் திருப்பிக் கொண்டுவராது. ஊசி இலைகள் அடுத்த வசந்தம் வரைக்கும் பச்சையாகவே இருக்கும், எட்டு பத்து மாதம் கழித்துத்தான் வெளுத்துச் சிவக்கும். மரம் சிவந்ததைப் பார்த்து மருந்துக்காரரைக் கூப்பிடும்போது அந்த மரம் போன கோடையிலேயே முடிந்துவிட்டது, வண்டுகள் பச்சை மரங்களுக்குப் பறக்கப் போகின்றன, அல்லது பறந்தே விட்டன. ஆகவே கீழே நான் ஒப்பிடும் எல்லாமே வருமுன் காப்பவைதான். "குணப்படுத்துகிறேன்" என்று யாராவது விலை சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

முதலில், உங்கள் மரத்தில் இருப்பது எந்தப் பூச்சி என்று பாருங்கள், ஏனென்றால் மூன்று பூச்சிகளை இங்கே எல்லோரும் ஒன்றாகவே பேசுகிறார்கள். மலைப் பைன் வண்டென்றால் தண்டில் பல இடங்களில் பிசின் கட்டிகள், பட்டை இடுக்கிலும் மரத்தடியிலும் மரத்தூள், பட்டையை உரித்தால் நேராக மேலேறும், அடியில் கொக்கி போல் வளைந்த, தூள் அடைந்த சுரங்கம். இப்ஸ் என்கிற சின்ன வண்டு பெரும்பாலும் உச்சியிலும் கிளையிலும் தொடங்கும், சுரங்கம் ஒய் அல்லது ஹெச் எழுத்து வடிவில் தூளில்லாமல் சுத்தமாக இருக்கும், ஒரு கோடையில் பல தலைமுறை வரும். சிவப்பு டர்பன்டைன் வண்டு தண்டின் அடிப்பகுதியில் பெரிய செந்நிறப் பிசின் கட்டிகளை உண்டாக்கும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இங்கே அது தனியாக மரத்தைக் கொல்வது அபூர்வம். (இதே டர்பன்டைன் வண்டு சீனாவுக்குப் போய், 1998-ல் ஷான்ஸி மாகாணத்தில் கண்டறியப்பட்டு, ஒரு பூஞ்சையோடு சேர்ந்து அங்கே லட்சக்கணக்கான பைன் மரங்களைக் கொன்றது. பூச்சியும் பூஞ்சையும் மரமும் எந்த ஊரில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு இவ்வளவு மாறும்.) டர்பன்டைன் வண்டைப் பார்த்துப் பதறி நல்ல மரத்தை வெட்டியவர்கள் உண்டு, அதனால் இதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

சரி, இப்போது மருந்து அடிப்பது. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி, ஒரு தனி மரத்தைப் பொறுத்தவரை நிரூபிக்கப்பட்ட வழியும் இதுதான். கார்பரில், பெர்மெத்ரின், பைஃபென்த்ரின் மூன்றில் ஒன்றைத் தண்டு முழுக்க அடிப்பார்கள். கார்பரில் சரியாக அடித்தால் இரண்டு கோடைகூடத் தாங்கலாம், மற்றவற்றை ஒரு கோடைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். "சரியாக" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடியிலிருந்து, தண்டின் குறுக்களவு ஐந்தாறு அங்குலமாகக் குறையும் உயரம் வரை, நாலு பக்கமும், பட்டையிலிருந்து வழிகிற அளவுக்கு நனைக்க வேண்டும். ஒரு வளர்ந்த பொண்டரோசாவில் அது முப்பது நாற்பது அடி உயரம் போகும். தோட்டத்துக்கு வைத்திருக்கும் கைப்பம்பில் இதைச் செய்யவே முடியாது, அழுத்தம் அதிகமான இயந்திரமும் உரிமம் உள்ள ஆளும் வேண்டும். ஜூன் முடிவதற்குள் அடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் வண்டு அந்தப் பக்கம் வழியாக ஏறும்.

இதன் குறை மூன்று. வண்டு பெருக்கம் ஒரு வட்டாரத்தில் பத்து வருஷம் வரைகூட நீளலாம், அத்தனை வருஷமும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஐந்து மரத்துக்குத் தாங்கும் செலவு ஐம்பது மரத்துக்குத் தாங்காது. இரண்டாவது, இந்த மருந்துகள் தேனீக்கும் நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் கடும் நஞ்சு. ஓடையோ கிணறோ பக்கத்தில் இருந்தால் லேபிளில் சொன்ன தூரத்தை விட்டே தீர வேண்டும், காற்று அடிக்கும் நாளில் அடிக்கக் கூடாது. கார்பரில் முன்பு நம் ஊர் விவசாயிகளுக்குச் செவின் என்ற பெயரில் பழக்கமாக இருந்ததுதான், 1984-ல் விஷவாயு கசிந்த போபால் ஆலை தயாரித்துக்கொண்டிருந்த மருந்தும் இதுவே, அங்கே கசிந்தது இதைத் தயாரிக்க வைத்திருந்த மெத்தில் ஐசோசயனேட். அந்த வரலாற்றை மனதில் வைத்து இதைத் தொடவே மாட்டேன் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுவது: மருந்து அந்தத் தண்டைக் காக்கிறது, காட்டை மாற்றுவதில்லை. நெருக்கமாக, தாகத்தோடு நிற்கும் ஐம்பது மரங்கள் அப்படியேதான் நிற்கும்.

ஊசி போடுவது இப்போது அதிகம் விற்கப்படுகிறது. தண்டின் அடியில் சுற்றிலும் துளையிட்டு எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லியைச் செலுத்துவார்கள், சிலர் கூடவே ப்ரோபிகோனசோல் என்கிற பூஞ்சைக்கொல்லியையும் சேர்ப்பார்கள். சிந்தனை சரியானதுதான், வண்டையும் பூஞ்சையையும் ஒரே நேரத்தில் தடுப்பது. காற்றில் மருந்து பறக்காது, ஓடைக்கருகில் நிற்கும் மரத்துக்கும் செய்யலாம், ஒரு முறை போட்டால் ஒரு கோடைக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பைன் மரம் பிசின் நிறைந்தது, மலை மண் குளிர்ந்தது, மருந்து மேலே ஏறித் தண்டு முழுக்கப் பரவ நாளாகும். வண்டு பறக்கப் போகும் ஜூன் மாதத்தில் ஊசி போட்டுவிட்டு ஜூலையில் பாதுகாப்பை எதிர்பார்ப்பது சரிவராது. முந்தின வருஷம் கோடை முடியும்போது, செப்டம்பர் வாக்கில் போடுவதுதான் அர்த்தமுள்ளது. ஜூனில் வந்து "இந்தக் கோடைக்கே காக்கும்" என்று சொல்பவரிடம் இதைக் கேளுங்கள். அடிக்கிற மருந்தைவிடச் செலவு அதிகம், ஒவ்வொரு முறையும் தண்டில் புதுத் துளைகள் வேறு. பூஞ்சைக்கொல்லியை மட்டும் தனியாகப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. வண்டும் புழுவும் உள்பட்டையை வெட்டுவதை அது நிறுத்தாது.

வெர்பினோன் பை மலிவானது. வண்டுகள் ஒரு மரத்தில் நிரம்பியதும் "இங்கே இடமில்லை" என்று விடும் வாசனைதான் வெர்பினோன், அதைச் செயற்கையாகச் செய்து சின்னப் பையில் அடைத்து, ஜூன் கடைசியில் தண்டின் வடக்குப் பக்கம், வெயில் படாத இடத்தில் மாட்டுவது. மெழுகுபோன்ற பசையாகவும் கிடைக்கிறது. நஞ்சு இல்லை என்பது பெரிய நன்மை. லாட்ஜ்போலில், வெண்பட்டைப் பைனில், வண்டு எண்ணிக்கை மிதமாக இருக்கும்போது நல்ல பலன் தந்திருக்கிறது. பொண்டரோசாவில் பலன் நிலையாக இல்லை, வண்டு அலை உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் எந்தப் பைனிலும் இதை நம்பி இருக்க முடியாது. ஃப்ரண்ட் ரேஞ்சில் உங்கள் மரம் பொண்டரோசா என்றால் இதை மட்டும் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பத்தாயிரம் அடி உயரத்தில் கேபின் வைத்திருப்பவர், மருந்து லாரி ஏற முடியாத இடத்தில் இருப்பவர், அவர்களுக்கு இது நியாயமான தேர்வு.

இதற்கு நேரெதிரான பொருள் ஒன்று உண்டு, வண்டைக் கூப்பிடும் வாசனை வைத்த பொறி. வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். பொறிக்குள் விழுவதைவிட அதிகமான வண்டுகள் உங்கள் மரத்துக்கும் பக்கத்து வீட்டு மரத்துக்கும் வரும்.

இனி கலைத்துவிடுவது. விதைத்த பயிர் நெருக்கமாக முளைத்தால் கலைத்துவிடுவோமே, அதேதான், செயின்சாவோடு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் கடைசியாக நினைப்பது இதைத்தான். ஃப்ரண்ட் ரேஞ்சின் பொண்டரோசாக் காடுகள் முன்பு அடிக்கடி வந்த தரைத்தீயால் இடைவெளி விட்டு, நடுவே புல்லோடு இருந்தவை. நூறு வருஷத்துக்கு மேலாகத் தீயை அணைத்துக்கொண்டே இருந்ததில் சின்ன மரங்கள் அடைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டன. ஒரே தண்ணீருக்குப் பல மரங்கள் போட்டி போடும்போது எதற்கும் போதுமான பிசின் இருப்பதில்லை. கலைத்துவிட்டால் மிச்சமிருக்கும் மரத்துக்குத் தண்ணீரும் வெளிச்சமும் கிடைத்துப் பிசின் பெருகும். அதைவிட உடனடியாக நடக்கும் இன்னொன்று, தண்டுகளுக்கிடையே காற்று ஓடத் தொடங்கும், வண்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் வாசனை ஒரு இடத்தில் தங்காமல் கலைந்து போகும், பட்டையில் வெயில் படும், வண்டுக்கு அது பிடிக்காது.

எவ்வளவு கலைப்பது? தென் டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பொண்டரோசாக் காடுகளில் பல வருஷம் பார்த்த ஆராய்ச்சியில், மார்பளவு உயரத்தில் எல்லாத் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டினால் ஏக்கருக்கு 80 சதுர அடிக்குள் இருந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது. ஒரு அடி குறுக்களவுள்ள மரத்தின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 0.79 சதுர அடி, ஆக ஏக்கருக்கு அப்படிப்பட்ட மரம் நூறு என்று வரும். வீட்டைச் சுற்றித் தீத்தடுப்புக்காகக் கொலராடோ மாநில வனச் சேவை சொல்லும் இடைவெளி இதைவிடத் தாராளமானது, மரத்தலைகளுக்கிடையே குறைந்தது பத்து அடி. அதைக் கடைப்பிடித்தாலே வண்டுக்கான கணக்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே செலவில் இரண்டு பாதுகாப்பு. 2020 அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் தீ, பெரும்பகுதி வண்டு கொன்ற லாட்ஜ்போல் காடுகள் வழியாக ஓடி சுமார் 1,93,800 ஏக்கரை எரித்து, கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டையே தாண்டி எஸ்டஸ் பார்க் பக்கம் வந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கலைப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. வெட்டிய பச்சைக் கிளையும் தண்டும் அங்கேயே குவிந்து கிடந்தால் இப்ஸ் வண்டு அதில் பெருகி நிற்கும் மரத்துக்கு ஏறும், ஆகவே குளிர்காலத்தில் வெட்டி, வசந்தத்துக்குள் சிப்ஸாக அரைத்தோ வண்டியில் ஏற்றியோ அப்புறப்படுத்த வேண்டும். வெட்டும்போது நிற்கிற மரத்தின் பட்டையில் இயந்திரம் உரசிக் காயம்பட்டால் டர்பன்டைன் வண்டு வரும். மரம் தெம்பாக இரண்டு மூன்று வருஷமாவது ஆகும், வண்டு ஏற்கெனவே வேலிக்கு வெளியே நிற்கிறதென்றால் அந்தக் கோடைக்கு மட்டும் நல்ல மரங்களுக்கு மருந்தும் வேண்டும். அப்புறம் இது பொண்டரோசாவுக்குச் சொல்வது. லாட்ஜ்போல் வேர் ஆழமில்லாதது, நெருக்கமாகவே வளர்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்பது, முதிர்ந்த லாட்ஜ்போல் காட்டை அங்கங்கே கலைத்தால் அடுத்த பெருங்காற்றில் மிச்சமும் சாய்ந்துவிடும். அங்கே சின்னத் திட்டுகளாக முழுவதும் வெட்டி, புதுக் கன்றுகள் வர விடுவதுதான் வழி.

வண்டு ஏறிய மரத்தை எடுப்பது என்பது தனி வேலை, அதில் சோம்பல் பட்டால் மற்ற எல்லாம் வீண். அக்டோபர் முதல் மே வரை நேரம் இருக்கிறது. பச்சையாக இருக்கும் மரங்களின் அடியைச் சுற்றி வந்து பாருங்கள். பிசின் கட்டி, மரத்தூள், மரங்கொத்தி பட்டையைச் செதுக்கிய இடம், இவை இருந்தால் சின்னக் கோடாலியால் கொஞ்சம் பட்டையை எடுத்துப் பாருங்கள், உயிருள்ள புழுவும் நீலக்கறையும் இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் பெரிய, வெளுத்த பிசின் கட்டிக்குள் வண்டே சிக்கிச் செத்திருந்து, தூள் எங்குமே இல்லையென்றால், அந்த மரம் ஜெயித்திருக்கிறது. அதை வெட்டாதீர்கள், அப்படிப்பட்ட மரம்தான் உங்கள் நிலத்தில் மிகவும் வேண்டியது. மரம் ஒரு பக்கம் மட்டும் தாக்கப்பட்டிருந்தாலும் அடுத்த வருஷம் வரை பொறுக்கலாம்.

வெட்டினால் மட்டும் போதாது, புழு விழுந்த கட்டைக்குள்ளேயே வளர்ந்து ஜூலையில் பறக்கும். பட்டையை உரிக்க வேண்டும், அல்லது அரைக்க வேண்டும், அல்லது அனுமதி வாங்கி எரிக்க வேண்டும், அல்லது பைன் மரமே இல்லாத இடத்துக்கு, ஒரு மைலாவது தள்ளி, கொண்டுபோக வேண்டும். பட்டையை உரித்தால் புழு காய்ந்து சாகும், உள்பட்டை இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. தெளிவான பிளாஸ்டிக் போர்த்தி வெயிலில் வேகவைக்கும் முறையும் உண்டு, ஆனால் உயரமான, குளிர்ந்த இடங்களில் அது சரியாக வேலை செய்வதில்லை. விறகுக்காகப் பட்டையோடு அடுக்கி, அதுவும் உயிருள்ள பைனுக்குப் பக்கத்தில் வைப்பது, பக்கத்து ஊருக்கு விறகாக விற்பது, இரண்டுமே வண்டுக்கு வாகனம் ஏற்பாடு செய்வது. கட்டையில் நீலம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நீலக்கறை மரத்தின் வலுவைக் கிட்டத்தட்டக் குறைப்பதே இல்லை, கொலராடோவில் சுவருக்கும் மேசைக்கும் அதை விரும்பியே வாங்குகிறார்கள்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான், அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தும் பாதையிலிருந்தும் தள்ளி, சரிவில் நிற்கும் காட்டில் வண்டு கொல்லும் மரங்கள் மரங்கொத்திகளுக்கு வீடும் உணவுமாகும், வெளிச்சம் கிடைத்ததும் கீழே காத்திருக்கும் டக்ளஸ் ஃபிர், ஸ்ப்ரூஸ், ஆஸ்பென் எழும். கொலராடோவில் 35 ஏக்கர் மனைகள் நிறைய, அப்படி வைத்திருப்பவர் முழு நிலத்துக்கும் மருந்தடிக்க நினைப்பது வீண். ஆனால் செத்த மரம் சில வருஷத்தில் வேரழுகி விழத் தொடங்கும், ஆகவே வீடு, மின்கம்பி, வண்டிப்பாதை இவற்றின் மேல் விழக்கூடியதை விடக் கூடாது. கடுங்குளிர் வந்து வண்டைக் கொன்றுவிடும் என்று காத்திருப்பதை நான் தேர்வாகவே சேர்க்கவில்லை. நடுக்குளிர்காலத்தில் புழுவின் உடலில் கிளிசரால் சேர்ந்து உறையாமல் காக்கும், அப்போது அதைக் கொல்ல மைனஸ் 34 செல்சியஸுக்குக் கீழே பல நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். ஃப்ரண்ட் ரேஞ்சில் அப்படிப்பட்ட குளிரை நம்பி இருக்க முடியாது. கிளிசரால் சேருவதற்கு முன் அக்டோபரில் திடீரென்று வரும் குளிர்தான் அதைவிட அதிகம் கொல்லும், அதுவும் நம் கையில் இல்லை.

தண்ணீர் ஊற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். வறட்சியில் நாலைந்து மரத்துக்கு மாதம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுவது நிச்சயம் உதவும். ஆனால் மலை வீடுகளில் பல கிணறுகளுக்கு வீட்டுக்குள் பயன்படுத்த மட்டும்தான் அனுமதி, வெளியே தண்ணீர் விடவே கூடாது, உங்கள் கிணற்று அனுமதிச் சீட்டை முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் உங்கள் நிலத்துக்குப் பொருத்தினால்: முன்வாசலில் மூன்றே மூன்று பெரிய பொண்டரோசா, வேறொன்றுமில்லை என்றால் கலைக்க ஒன்றுமில்லை, வட்டாரத்தில் வண்டு இருக்கும்வரை ஒவ்வொரு ஜூனிலும் தொழில் தெரிந்தவரைக் கொண்டு மருந்து அடியுங்கள், ஓடையை ஒட்டியோ தேன்பெட்டி அருகிலோ இருந்தால் முந்தின செப்டம்பரில் ஊசி. ஒரு ஏக்கரில் நூற்றைம்பது மரம் நெருக்கிக்கொண்டிருந்தால், இந்தக் குளிர்காலத்தில் சின்னதும் வளைந்ததும் தாக்கப்பட்டதுமாகப் பாதியைக் கலையுங்கள், வீட்டருகே நிற்கும் மிகப் பெரிய நாலைந்துக்கு மட்டும் இரண்டு மூன்று கோடை மருந்து, பிறகு நிறுத்திவிடலாம். முழு ஏக்கருக்கும் பத்து வருஷம் அடிக்கும் செலவை ஒரு முறை கூட்டிப் பார்த்தால், கலைப்பதற்கு ஆகும் தொகை அதிகமில்லை என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். 35 ஏக்கர் என்றால் வீட்டைச் சுற்றியும் பாதை ஓரத்திலும் மட்டும் வேலை, மிச்சத்தை வருஷம் ஒரு முறை நடந்து பார்ப்பது போதும்.

ஒரு தெருவில் ஒருவர் மட்டும் செய்தால் பாதி பலன்தான், வேலி வண்டுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் தாக்கப்பட்ட மரம் பட்டையோடு கிடந்தால் ஜூலையில் அது உங்கள் பிரச்சினை. ஹெச்ஓஏ எனும் வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும் இடங்களில் அக்டோபரில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் நடந்து மரங்களைப் பார்த்து அடையாளம் கட்டி, ஒரே ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். மாநில வனச் சேவையின் உள்ளூர் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பூச்சியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், அவர்களுக்கு விற்பதற்கு மருந்து ஏதுமில்லை, அதனால் கேட்டதற்குப் பதில் கிடைக்கும். ஃபோர்ட் காலின்ஸில் இருக்கும் அவர்களின் நாற்றங்காலில் கன்றுகளும் வாங்கலாம். காலியான இடத்தில் பொண்டரோசாவையே திரும்ப வரிசையாக நடாமல், டக்ளஸ் ஃபிர், ராக்கி மலை ஜூனிபர், ஈரமான மூலையில் ஆஸ்பென் என்று கலந்து, ஒரே வயதில் இல்லாதபடி சில வருஷங்களாகப் பிரித்து நடுங்கள். மலைப் பைன் வண்டு இவற்றில் ஒன்றையும் தேடி வராது.